சிரித்தவர்கள் இதற்கும் பதில் சொல்லுங்கள்

குழுவில் சுற்றிய அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஆயாவிடம் தாளை நீட்டி, 1/8-ஐயும் 1/16-ஐயும் கூட்டச் சொல்கிறார் தம்பி. ஆயா விழிக்கிறார். கீழே சிரிப்பு எமோஜி வரிசை. ரங்கூனில் பொழுது போக வேறு வழியே இல்லை போல.

தாளை மடித்து வைத்துவிட்டு, 1/8-க்கு அரைக்கால், 1/16-க்கு வீசம் என்று பழைய பெயரைச் சொல்லி, "அரைக்காலும் வீசமும் எவ்வளவு ஆயா?" என்று வாயால் கேட்டிருந்தால், மூணு வீசம் என்று வெற்றிலை மென்றபடியே சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாதது கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதுகிற முறை. அளவு நன்றாகவே தெரியும்.

பின்னம் மனசில் ஒரே அளவாக நிற்க வேண்டும். இரண்டு எண்ணாகப் பிரிந்துவிட்டால் போச்சு. 1978-இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் சுமாராக எவ்வளவு என்று கேட்டார்கள். 1, 2, 19, 21, இதில் ஒன்றைச் சொன்னால் போதும். இரண்டுமே கிட்டத்தட்ட முழுசு, ஆக 2. நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள்தான் அதைச் சொன்னார்கள். பாதிக்கு மேல் 19 அல்லது 21! பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அவர்களை யாரும் வீடியோ எடுத்துச் சிரிக்கவில்லை.

என் அப்பத்தா பர்மாவின் மோல்மீன் ஊர்ச் சந்தையில் புளி விற்றவர். ஒரு வீசைப் புளியை இரண்டாக அரிவார், அதில் ஒன்றை இரண்டாக, அதையும் இரண்டாக. உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, ஒரு கிள்ளு எடுத்து மற்றதில் ஒட்டுவார். அப்புறம்தான் தராசு. வீசைக்கு 100 கியாட் (இங்கே கியாட் காசு இல்லை, பர்மிய எடை), ஆக அந்தத் துண்டு பன்னிரண்டரை. அதே மனுஷி நகைக்கடைக்குப் போனால் கணக்கே வேறு: ஒரு கியாட் எடைக்கு 16 பெ, ஒரு பெக்கு 8 யுவே. ஏழு தடவை பாதியாக்கினால்தான் யுவே. பேனாவே எடுக்க மாட்டார்.

"1/3 கேட்டால் தெரியுமா?" என்று ஒருவர் வருவார். சரி, பாதியாக்கிக்கொண்டே போனால் 1/3 வராதுதான். சந்தையில் யார் ஐயா 1/3 வீசை புளி கேட்டது? "கால்குலேட்டர் இருக்கே" என்பார் இன்னொருவர். இருக்கட்டும். மூணு வீசத்தை 0.1875 என்று காட்டும். அது எவ்வளவு புளி என்று உங்களால் கையில் எடுத்துக் காட்ட முடியுமா?

"சும்மா தமாஷ், பெரிசாக்காதீங்க அக்கா" வேறு. தமாஷ் என்றால் உங்கள் வீட்டு ஆயாவை வீடியோ எடுத்திருக்கலாமே. 1964-இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது, இருந்த அரிசியைப் பங்கு வைத்து நம் வீடுகளைப் பட்டினியில்லாமல் காப்பாற்றியது எந்த ஆப்? இந்த ஆயாக்கள்தானே?

வீடியோவில் இருக்கிற ஆயாவின் பேத்தியும் அதே குழுவில்தான் இருக்கிறாள். முதலில் அந்த வீடியோவை நீக்குங்கள்.