கையை நீட்டும் முன் விதியைப் படியுங்கள்

செங்கோட்டையில் இணையவழி விண்ணப்ப மையம் நடத்துகிறேன். துணை ராணுவப் படைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பையன்கள் கட்டணத்தைக் கேட்கிறார்களோ இல்லையோ, சட்டைக் கையை மடித்து, குத்தியிருக்கும் பச்சையைக் காட்டி, "அண்ணாச்சி, இதனால் பிரச்சினை வருமா?" என்று கேட்கிறார்கள்.

வரும். வலது கையில் இருந்தால் கண்டிப்பாக வரும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படைகளில் பச்சை குத்தியிருந்தாலே வேலை இல்லை என்று ஊரில் சொல்வது பொய். மதச் சின்னமோ பெயரோ இருக்கலாம். ஆனால் அது சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ, புறங்கையிலோதான் இருக்க வேண்டும். அதுவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக. 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்தவன், கழுத்தில் கழுகோடு வந்து நிற்கும்போது நான் என்ன சொல்வது?

பச்சைக்கு நான் எதிரி அல்ல. காதலி பெயரைக் குத்திக்கொண்டவனைக் கேலி செய்வதும் எனக்குப் பிடிக்காது. பெயருக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. காதல் முறிந்த பிறகு அதை மறைக்கப் போகிறார்களே, அங்கேதான் வினை. பழையதை மூட வேண்டுமென்றால் புதிய படம் அதைவிடப் பெரிதாகவும் கருப்பாகவும் இருந்தாக வேண்டும். இரண்டெழுத்துப் பெயர் முன்கையை அடைக்கும் சிங்கமாகிவிடும். கால் பங்குக் கணக்கு அதோடு போயிற்று.

"நம் பாட்டிமார் கையெல்லாம் கோலம் குத்தியிருந்தார்களே, யாராவது வருந்தினார்களா?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வருந்தினார்களா என்று அவர்களை யார் கேட்டார்கள்? கேட்காமலே குத்திவிட்டார்கள். ஊரில் எல்லாப் பெண்கள் கையிலும் அதே கோலம் இருந்ததால் அது ஒருத்தியை மட்டும் உறுத்தவும் இல்லை. இன்று படத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பவன் நீ. பிடிக்காமல் போனால் அந்த எரிச்சலும் உனக்கு மட்டும்தான்.

குற்றாலச் சீசனில் ஈரத் துண்டோடு வந்து பச்சை குத்துகிறவரிடம் கையை நீட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஊசி புதிதா என்று கேளுங்கள். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்ஐவியும் பழைய ஊசியில் வரும். குத்திக்கொண்ட பிறகு ஓராண்டுக்கு ரத்த தானமும் செய்ய முடியாது.

லேசர் இருக்கிறதே என்பீர்கள். மை தங்குவது தோலின் இரண்டாம் அடுக்கில். லேசர் அதைப் பொடியாக உடைக்கும். அந்தப் பொடியை உடம்புதான் மெல்ல மெல்ல அப்புறப்படுத்த வேண்டும். அதனால் ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல வாரம் விடுவார்கள். அப்படிப் பல அமர்வுகள். கருப்பு மை ஓரளவு மசியும், பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும். நம்மைப் போன்ற கருத்த தோலில் மையோடு சேர்த்துத் தோலின் நிறமும் லேசரை உறிஞ்சுவதால், வெள்ளைத் திட்டு விழும் அபாயம் உண்டு. 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர்தான் கருத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு. அது இருக்கிறதா என்று தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்த பிறகு, "மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரே வாரத்தில் எடுத்துவிடுகிறாராம்" என்று என் கடைக்கு வராதீர்கள். ஒரு வாரத்தில் எடுப்பதாகச் சொல்கிறவர் கையில் இருப்பது அனேகமாக ஆசிட். வேலை உறுதியாகும்வரை பொறுங்கள்; பொறுக்க முடியாதவர்கள் இடது முன்கையின் உட்புறத்தில், சிறிதாக.