மெஷின் இருக்கு, செத்தல் வாங்கக் காசில்லை

கிழமைக்கு இரண்டு பேராவது இன்பொக்சில் கேட்கிறார்கள்: "அக்கா, நானும் ஒரு சின்னத் தொழில் தொடங்கப் போறன், லோன் எடுக்கட்டோ?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரம் போதவில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கோ.

2016 இல், இலங்கையின் வன்னியில் இருக்கும் விசுவமடுவில் எங்கள் வீட்டுக் கோடிக்குள் மிளகாய்த்தூள் தொடங்கினேன். அம்மாவின் கைப்பக்குவம். செத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் வேறு வேறாகத்தான் வறுப்பா. ஒன்றாகக் கொட்டினால் மல்லி வறுபட முதல் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். கடைசியாகப் போடும் கறிவேப்பிலை கையில் நொறுங்கினால்தான் சட்டி இறங்கும். முதல் மாதமே தூள் விலைப்பட்டது. ருசியில் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. நான் விழுந்தது கணக்கில்.

ஒரு கிலோ செத்தல் வாங்கினால் ஒரு கிலோ தூள் வராது. காம்பு கிள்ளி, வெயிலில் போட்டு, வறுத்து, மில்லில் அரைத்து எடுத்தால் எனக்கு 870 கிராம் அளவில்தான் வந்தது. அந்த 130 கிராமை நான் விலையில் சேர்க்கவில்லை. விறகையும் சேர்க்கவில்லை. அடுப்படியில் நாள் முழுக்க நின்ற அம்மாவுக்குக் கூலியும் போடவில்லை. "வீட்டு ஆள்தானே" என்று நினைத்தேன். அம்மா காய்ச்சலில் படுத்த கிழமை கூலிக்கு ஒருவரைப் பிடித்தபோதுதான், லாபம் என்று நான் எண்ணி வைத்தது அவவின் உழைப்பு என்று விளங்கியது.

இதைவிடப் பெரிய அடி கடனில் வந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடனில் 50,000 ரூபாய் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் சென்டர் கூட்டத்தில், அதாவது குழுக்கள் கூடித் தவணை கட்டும் இடத்தில், 1,300 ரூபாய், 52 கிழமை. பெருக்கினால் 67,600. எடுத்த கடன் முதலும் கிழமைக்குக் கிழமை திரும்பிப் போவதால், அந்த வருஷத்தில் சராசரியாக 25,000 ரூபாய்தான் என் கையில் நின்றது. அதற்கு 17,600 ரூபாய் வட்டி. நூற்றுக்கு எழுபது! கையெழுத்து வைக்கும்போது இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றப் பக்கம், கிளிநொச்சி, பரந்தன் கடைகளுக்குத் தூள் போட்டேன். "அடுத்தமுறை வரேக்க தாறன் தங்கச்சி" என்பார்கள். அடுத்தமுறை பாதி தருவார்கள், புதுச் சாமானையும் எடுப்பார்கள். ஒரு கட்டத்தில் மூன்று கடைகளில் 38,000 ரூபாய் நின்றது. கொப்பியைப் பார்த்தால் நான் லாபத்தில். ஆனால் செவ்வாய்க்கிழமை தவணைக்கு என் தோட்டை அடகு வைத்தேன். கிழமைக்குக் கிழமை போகிற காசும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கா வருகிற காசும் ஒரு தொழிலுக்குள் ஒத்துப்போகாது. வன்னியில் எத்தனையோ பெண்கள் இந்த இடைவெளிக்குள்தான் விழுந்தார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசியுங்கோ.

நான் தவணை முடிந்ததும் மறுபடி எடுக்கவில்லை. கடைகளுக்குச் சொன்னேன்: கைக்காசு என்றால் பைக்கற்றுக்குப் பத்து ரூபாய் குறைவு, கடன் இல்லை. ஐந்து கடையில் மூன்று விலகின. மிச்சத்தை வீடுகளுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உற்பத்தி பாதியானது, நித்திரை திரும்பி வந்தது.

அந்த முடிவின் அருமை 2022 இல்தான் தெரிந்தது. செத்தலில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருவது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. கடனுக்குச் சாமான் போட்டவர்களுக்குப் பழைய விலைக்குத்தான் காசு திரும்பி வந்தது. அந்தக் காசுக்குப் பழைய அளவு செத்தலை வாங்க முடியவில்லை. என்னோடு தொழில் தொடங்கிய இரண்டு பேர் அந்த வருஷமே அடுப்பை அணைத்தார்கள்.

உதவி செய்ய விரும்பும் நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மெஷின் வாங்கித் தருகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் மெஷினுக்குள் போட இரண்டு மூட்டைச் செத்தலுக்குக் காசு யார் தருவது? வட்டியில்லாமல் ஆறு மாதத்துக்கு அந்தக் கைமுதலைக் கொடுத்துப் பாருங்கோ.

போன கிழமை தர்மபுரத்தில் ஒரு தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். உதவியாகக் கிடைத்த அரைக்கும் மெஷின் தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறது, மேலே கோழி ஏறி நிற்கிறது. கொப்பியைக் காட்டினா. ஒரே கடையில் 22,000 ரூபாய், நாலு மாதமாக. அந்தக் கடை அண்ணை இந்தப் பதிவை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை. அண்ணை, பள்ளிக்கூடம் தொடங்க முதல் அந்தப் பிள்ளையின் காசைக் கொடுத்துவிடுங்கோ.