நான் "ஓடு" என்று கத்தியதால் அவுட்டான பெண்

உடுமலைப் பக்கம் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்து "ஓடு", "நில்லு", "ஃபர்ஸ்டுக்கு வீசு" என்று கத்தாதீங்க.

நானும் பல வருடம் கத்தியவன்தான். போன வருடம் ஒரு போட்டி. ஒரு அவுட் ஆகியிருந்தது, எங்கள் பெண் தேர்டு பேஸில். அங்கிருந்து ஓடி, பந்தை அடிக்கும் இடமான ஹோமைத் தொட்டால் ரன். பந்து லெஃப்ட் ஃபீல்டு பக்கம் உயரமாகப் போனது. தரையில் விழுந்துவிடும் என்று நினைத்து "ஓடு, ஓடு" என்றேன். ஓடினாள். கேட்ச் ஆனால், அதற்குப் பிறகு பேஸைத் தொட்டுவிட்டுத்தான் ஓடலாம். எதிரணிப் பெண் கேட்ச் பிடித்து, இவள் திரும்பி வருவதற்குள் தேர்டு பேஸுக்கு வீசிவிட்டாள். டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட். மொத்தம் மூன்று ஆகி இன்னிங்ஸ் முடிந்தது.

"கேட்ச் ஆகும்னு தெரியலையா கண்ணு?"

"தெரிஞ்சுதுங்க சார். நீங்க ஓடச் சொன்னீங்க."

அவளுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. கெடுத்தது என் சத்தம்.

சாஃப்ட்பாலில் பேஸுக்குப் பேஸ் 60 அடிதான். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் உள்ள தூரத்தைவிட 6 அடி குறைவு. நான் பார்த்து, கத்தி, அது அவள் காதில் விழுந்து கால் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது பயிற்சியில் எத்தனை அவுட், யார் எந்த பேஸில் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பந்தை அடிப்பேன். மற்றது அவர்கள் பாடு. முடிந்ததும் "என்ன பாத்தே? ஏன் அப்படிப் பண்ணினே?" என்று கேட்பேன். சரியாக ஆடியவளிடமும் கேட்பேன். தப்பு செய்தவளிடம் மட்டும் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். முதல் மாதம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரே பேஸில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். "ஏனுங்க சார், ஒண்ணுமே சொல்லாம நிக்கறீங்க?" என்று ஒரு அப்பா வருத்தப்பட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பொறுத்துக்கொள்ளுங்க என்றேன்.

ஹெல்மெட் போடுவது, சறுக்கி விழும் முறை, பந்து வீசும் பிட்சரின் தோள்வலி, இதையெல்லாம் பிள்ளைகள் முடிவுக்கு விடமாட்டேன். அங்கே நான் சொல்வதுதான்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் மைதானத்தை என்ன பாடு படுத்தும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஹோம் மேற்கே இருக்கிறது, காற்றும் அங்கிருந்துதான் வரும். இந்த ஆடியில் ஒரு மேட்ச், அதே பெண், அதே தேர்டு பேஸ். பந்து லெஃப்ட் ஃபீல்டுக்கு உயர்ந்தது. நான் வாய் திறக்கவில்லை. பேஸில் கால் வைத்துக் காத்திருந்தாள். கேட்ச் பிடித்த அந்தக் கணம் கிளம்பி ஹோமைத் தொட்டுவிட்டாள்.

அப்புறம் கேட்டேன். "காத்து அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா அடிச்சுதுங்க சார். வீசினா பந்து ஹோம் வரைக்கும் வந்து சேராதுன்னு தோணுச்சுங்க" என்றாள். காற்றை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது அவுட்ஃபீல்டில் நிற்கிற பிள்ளைகள் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்க்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.