ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, அப்புறம்?

இனிமேல் யாராவது என்னிடம் "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று சொன்னால், அதைக் கழற்றிக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவதாக இருக்கிறேன். ஆபீஸ் நெட் நொண்டிய எட்டு மாதம். தலைவலிக்கும் அதே கஷாயம், கால்வலிக்கும் அதே கஷாயம் என்று எட்டு மாதமாக இதையே ஊற்றினார்கள்.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முதல் மாடி, பதினான்கு கம்ப்யூட்டர். கணக்கு எழுத வந்தவன் நான். என்றைக்கோ ஒரு நாள் பிரிண்டருக்கு டிரைவர் போட்டுக்கொடுத்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து ஏசி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நெட் மெதுவானால் யார் தலை உருளும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவென்றால் எப்படிப்பட்ட மெது தெரியுமா? 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஓடிபி செல்போனுக்கு வந்துவிடும். அதைத் தட்டவேண்டிய பக்கம் கம்ப்யூட்டரில் வந்திருக்காது. வட்டம் சுற்றும். பக்கம் வந்து சேரும்போது ஓடிபி காலாவதி. மறுபடி கேள், மறுபடி சுற்று. வரிசையில் ஏழு வாடிக்கையாளர்கள், எல்லோரும் போனில். "சைட்டே டவுன்" என்று எங்கள் சீனியர் அக்கா ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். பாவம் அந்தத் தளம். எதிர்க் கடைக்காரர் தன் செல்போனிலேயே அதைத் திறந்து வேலையை முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

புகார் செய்தால் நெட் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வருவான். நேராக ரவுட்டர் பக்கத்தில் போய் நிற்பான். தன் செல்போனில் ஸ்பீடு டெஸ்ட் போடுவான். "பாருங்க சார், 290 மெகாபிட் வருது. நீங்க எடுத்திருக்கிறது 300. எங்க பக்கம் கிளியர்." அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். என் மேசைக்கு வந்து பார் என்றால், "அது உங்க இன்டர்னல் நெட்வொர்க் சார்" என்று செருப்பை மாட்டிக்கொள்வான். படி இறங்குவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிடும்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. என் மேசையில் டெஸ்ட் போட்டால் ஒரு நேரம் 12, ஒரு நேரம் 3. எந்த ஊரில் இதற்குப் பெயர் தீர்வு?

ஆடிட்டர் சார் அவர் பங்குக்கு ஒரு வழி வைத்திருந்தார். "ஏந் தம்பி, பேசாம பெரிய பிளானுக்கு மாத்திடலாங்களா?" 100இலிருந்து 200 ஆக்கினோம். 200இலிருந்து 300. ஒவ்வொரு தடவையும் பில் ஏறியது, வேகம் அசையவில்லை. பவானிசாகரில் நூறு அடி தண்ணீர் நின்றால் என்ன, நம் வயலுக்குப் பிரியும் மதகு அடைத்துக் கிடந்தால்? அணையை இன்னும் உயர்த்துங்கள் என்று காசு கட்டிக்கொண்டிருந்தோம் நாங்கள்.

இதில் என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். துப்பு கண் முன்னாலேயே கிடந்தது. நெட் நகராத அந்த நேரத்திலும் எங்கள் கணக்கு மென்பொருளான டேலி பறக்கும்! டேலி டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரும் எங்கள் கம்ப்யூட்டர்களும் ஒரே ஸ்விட்ச்சில், அதாவது ரவுட்டரிலிருந்து வரும் ஒரு ஒயரை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டியில், சொருகியிருக்கின்றன. ஸ்விட்ச்சுக்குள் ஓடும் வண்டி சரியாக ஓடுகிறது, அதைத் தாண்டி வெளியே போகும் வண்டிதான் நொண்டுகிறது என்றால் கோளாறு எங்கே இருக்கும்? ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். நான் என்ன செய்தேன்? புது ஸ்விட்ச் வாங்கினேன். சொந்த யோசனை, ஆபீஸ் காசு. மாற்றமே இல்லை.

நடுவில் ஆயுத பூஜை வேறு. ரெக்கார்டு ரூம் பரணில் இருக்கும் ஸ்விட்ச்சைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சாத்தினார்கள். அன்று மாலையே மொத்த ஆபீஸும் படுத்துவிட்டது. நெட் மட்டுமில்லை, டேலி, பிரிண்டர் எல்லாம். பரணில் ஏறிப் பார்த்தால் ஸ்விட்ச்சின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வெறிபிடித்த மாதிரி அடித்துக்கொள்கின்றன. சும்மா தொங்கிய ஒரு சின்ன ஒயரின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்ச்சில் சொருகியிருக்கிறார்கள். "தொங்கிட்டு அசிங்கமா இருந்துச்சுங்க." எல்லோருக்கும் என்று போகிற ஒரு டேட்டா பொட்டலம் அந்த வளையத்துக்குள் மாட்டினால் வெளியே வழியே கிடையாது. சுற்றிச் சுற்றிப் பெருகி ஸ்விட்ச்சை மூழ்கடித்துவிடும். இந்த வளையத்தைத் தானாகவே வெட்டிவிடும் முறையை ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இலேயே உருவாக்கிவிட்டார். ஆனால் நாம் வாங்குகிற மலிவு ஸ்விட்ச்சில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. சரி, அன்றைக்கும் நாங்கள் முதலில் என்ன செய்தோம்? கம்பெனிக்குப் போன் போட்டோம். அவர்கள் என்ன சொன்னார்கள்? ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத ஆபீஸில், லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் மேசையிலிருந்து ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1க்கு, நூறு பிங் அனுப்பினேன். பிங் என்றால், போய்ச் சேர்ந்ததும் பதில் திரும்பி வரவேண்டிய ஒரு சின்னச் செய்தி. வெளியுலகமே இதில் கிடையாது, அதே மாடியின் முன் அறையில் இருக்கும் பெட்டிதான். நூற்றில் ஏழு திரும்பவில்லை. ஒரு ஆள்கூட வேலை செய்யாத நாளில், முப்பத்தைந்து மீட்டர் தூரத்தில், ஏழு தொலைகின்றன! அங்கே ஒன்றுகூடத் தொலையக் கூடாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் ரவுட்டரில் நேராகச் சொருகினேன். நூறும் வந்தது, ஸ்பீடு டெஸ்ட் 290 காட்டியது. எட்டு மாதக் கேள்விக்குப் பத்தே நிமிடம்.

பரணில் ஏறினேன். எங்கள் ஸ்விட்ச்சில் ஆயிரம் மெகாபிட் இணைப்புக்குப் பச்சை விளக்கு, நூறுக்கு ஆரஞ்சு. ரவுட்டரிலிருந்து வரும் ஒயருக்கு மட்டும் ஆரஞ்சு. ஆயிரத்தில் ஓட ஒயருக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் பல ஸ்விட்ச்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். அப்படியென்றால் 300க்குக் கட்டிய காசில் நூறுக்கு மேல் இந்தப் பக்கம் வந்திருக்கவே முடியாது. அந்த நூறும் ஏன் வரவில்லை?

ஒயரின் முனையில் இருந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு, ஆரஞ்சு வெள்ளை, பச்சை, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பழுப்பு, பழுப்பு வெள்ளை. பட்டுப்புடவை பார்டர் மாதிரி என்ன ஒரு அழகு! அழகுதான் வினை. முறைப்படி அந்தத் தலையின் எட்டு ஊசிகளில் மூன்றாவது ஊசிக்கும் ஆறாவது ஊசிக்கும் ஒரே ஜோடி போக வேண்டும். பச்சை ஜோடி நடுவில் இருக்கும் நீல ஜோடிக்கு இரு பக்கமும் காலை அகட்டி நிற்க வேண்டும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கம்பியை முறுக்கி ஜோடியாக்குவதே வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு விழுந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளட்டும் என்பதற்காக. கிரகாம் பெல் 1881இல் கண்டுபிடித்த வித்தை. எங்கள் எலக்ட்ரீஷியன் பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று மூன்றுக்கும் ஆறுக்கும் கொடுத்துவிட்டார். கணவன் ஒரு பஸ்ஸில், மனைவி வேறு பஸ்ஸில்.

கொடுமை என்னவென்றால், விளக்கு எரிகிற அந்த மலிவு டெஸ்டரில் இந்த ஒயர் பாஸ் ஆகும். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எரியும். கரண்ட் போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், யாரோடு யார் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது. ஐந்து மீட்டர் ஒயரென்றால் தப்பித்திருக்கும். முப்பத்தைந்து மீட்டர், அதுவும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் டியூப்லைட் ஒயரோடு ஒன்றாகக் கட்டிப்போட்ட முப்பத்தைந்து மீட்டர்.

புது ஒயர் வாங்கப் போனால் அங்கே இன்னொரு கூத்து. கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததை பிளேடால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். "எல்லாரும் இதைத்தானுங்க வாங்கறாங்க" என்றார். அதனால்தான் எல்லோருடைய நெட்டும் அந்த லட்சணத்தில் இருக்கிறது ஐயா! முழுச் செம்பு கேட்டு வாங்க, உள்ளேயிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார்.

புது ஒயர், சரியான வரிசை, டியூப்லைட்டுக்கு எட்டத்தில். பச்சை விளக்கு. நூறு பிங்குக்கு நூறு. என் மேசையில் 287.

மறுநாள் சார் பார்த்துவிட்டுக் கேட்டது: "பரவால்லையே தம்பி, கம்பெனிக்காரன் சரி பண்ணிட்டானாட்டம் இருக்குது?"

அப்புறம் நேற்று அந்த எலக்ட்ரீஷியனே போன் செய்தார். பெருந்துறை பக்கம் ஒரு குடோனுக்கு நெட் ஒயர் இழுக்கிறாராம், எந்த ஸ்விட்ச் நல்லது என்று கேட்டார். நான் ஸ்விட்ச்சை விட்டுவிட்டுக் கலர் வரிசையை மூன்று தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதுமுங்க சார்" என்றார்.