போர்டோ விவசாயியின் கையைக் கட்டிப்போடாதீர்கள்

பிரான்சின் போர்டோ பகுதி ஒயின் என்றாலே கூடவே 'மரபு' என்ற பேச்சும் வந்துவிடுகிறது. நூற்றாண்டு நூற்றாண்டாக ஒரே மண், ஒரே ரகம், ஒரே பக்குவம் என்று ஒரு சித்திரம். அந்தச் சித்திரம் உண்மையில்லை. அதோடு, இன்று அங்கே திராட்சை பயிரிடும் சிறு விவசாயிகளை அது நெருக்கடியிலும் தள்ளுகிறது. இதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

பிரச்சினையின் பெயர் மெர்லோ. போர்டோவில் சிவப்பு ஒயினுக்காக வளர்க்கும் கொடிகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். சீக்கிரம் தளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும் ஊரில் அது பெரிய வரம். இப்போது கோடையின் குணமே மாறிவிட்டது. ஆகஸ்ட் வெயிலில் மெர்லோ பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது, புளிப்பு மளமளவென்று இறங்குகிறது. ஆனால் தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு பதமாக இன்னும் நாள் வேண்டும். சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கூடினால், நொதித்த பிறகு ஒயினில் ஒரு சதவீதம் ஆல்கஹால் கூடும். ஒரு காலத்தில் 12, 12.5 சதவீதத்தில் நின்ற போர்டோ ஒயின் இன்று 14-ஐத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. முன்கூட்டியே பறித்தால் காய்த்துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். காத்திருந்தால் ஜாம் வாசனையும் தொண்டையில் எரிச்சலும்தான் மிச்சம்.

பழத்தை மறைக்கும் இலைகளைக் கிள்ளாமல் நிழலுக்கு விடுகிறார்கள், வெயில் ஏறுமுன் பறிக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ரகம் அதேதான் என்றால் இவையெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும்.

சரி, ரகத்தை மாற்றலாமே? அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. எந்தப் பகுதியில் எந்த ரகத்தை நட்டால் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாம் என்பது பிரான்சில் விதிமுறைகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் அந்தப் பட்டியலில் ஆறு ரகங்களைச் சேர்த்தார்கள். சிவப்பில் அரினார்னோவா, காஸ்தே, மார்சலான், போர்ச்சுகலின் டூரிகா நாசியோனால்; வெள்ளையில் அல்வரினோ, லிலியோரிலா. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு இல்லை. போர்டோ நகரத்துக்குப் பக்கத்தில் 'விட்அடாப்ட்' என்று ஒரு சோதனைத் தோட்டம் இருக்கிறது. 2009-இல் நட்டது. 52 ரகங்களைப் பக்கம் பக்கமாக வளர்த்து, எது எப்போது தளிர்க்கிறது, எது வெப்பத்தைத் தாங்குகிறது என்று வருடக்கணக்காகக் குறித்துவருகிறார்கள்.

இவ்வளவு உழைத்துவிட்டு, கொடுத்த அனுமதியைப் பாருங்கள். தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது. பல ரகங்களைச் சேர்த்துச் செய்யும் ஒயின் கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. போத்தலில் அந்த ரகத்தின் பெயரைப் போட முடியாது. அதுவும் 'போர்டோ', 'போர்டோ சுப்பீரியர்' என்ற பொதுப் பெயர்களில் விற்பவர்களுக்கு மட்டும். போர்டோவுக்குள்ளேயே தனிப் பெயரில் விற்கும் மெடோக், சான் எமிலியோன், பொமரோல் பகுதிகள் எல்லாம் வெளியே.

பத்து ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு 5 சதவீதம் என்றால் அரை ஹெக்டேர். ஒரு சிறிய தொட்டி நிரம்பும், அவ்வளவுதான். இன்று நடும் கொடி மூன்றாவது வருடம்தான் பயன்படும் அறுவடை தரும், அப்புறம் முப்பது நாற்பது வருடம் அதே இடத்தில் நிற்கும். 2060-இன் கோடை எப்படி இருக்கும் என்று யோசித்து இன்றைக்கே குழி தோண்ட வேண்டிய பயிர் இது. அதற்கு அரை ஹெக்டேர் போதுமா?

மரபு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று உலகப் புகழ் பெற்ற மெடோக் பகுதியின் பெரும்பகுதி, 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி வடிய வைக்கும்வரை சதுப்பு நிலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் போர்டோ பிழைத்தது. இன்றும் அங்குள்ள கொடிகள் அநேகமாக எல்லாமே அந்த அந்நிய வேரில்தான் நிற்கின்றன. அதே காலத்தில் அடிச்சாம்பல் நோய் இலையை உதிர்த்தபோது, வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் இலையோடு நிற்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். உலகமெங்கும் விவசாயிகள் தெளிக்கும் போர்டோ கலவை அப்படித்தான் பிறந்தது. புதியதைக் கண்டு ஓடிய ஊர் இல்லை இது.

ரகங்களின் கதையும் அப்படியே. ஃபிலாக்சராவுக்கு முன்னால் கார்மெனேர் அங்கே பரவலாக இருந்தது. குளிர்ந்த வசந்தத்தில் அதன் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும், பழமும் தாமதமாகத்தான் பழுக்கும். அதனால் மறுநடவில் அதைக் கைவிட்டார்கள். 1994-இல்தான், சிலியில் மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகள் கார்மெனேர் என்று ஒரு பிரெஞ்சு நிபுணர் கண்டுபிடித்தார். 1956 பிப்ரவரிப் பனி போர்டோவின் கொடிகளைக் கொன்றுபோட்டது. மால்பெக் என்ற ரகம் அதோடு சரிந்தது, மெர்லோ அந்த இடத்தைப் பிடித்தது. அதாவது நாம் மரபு என்று கும்பிடும் ரகப் பட்டியல் ஒரு பூச்சியும் ஒரு பனிக்காலமும் எழுதியது.

சுவை மாறிவிடும் என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் மெர்லோவை அப்படியே வைத்திருந்தாலும் சுவை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. போர்டோவின் பலமே பல ரகங்களைக் கலப்பதுதான். பழுக்காத வருடத்தில் ஒன்று, அதிகம் பழுத்த வருடத்தில் இன்னொன்று கைகொடுக்கும். தாமதமாகப் பழுக்கும் பெட்டி வெர்டோவும் கார்மெனேரும் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொரு எதிர்வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். கட்டுப்பாடே இல்லாமல் திறந்துவிட்டால், பெரிய ஆட்கள் அதிகம் காய்க்கும் ஏதோ ஒரு ரகத்தை நட்டு ஊர்ப் பெயரையே கெடுத்துவிடுவார்கள். வரம்பு வேண்டும்தான். நான் கேட்பது கொஞ்சம் பெரிய வரம்பு.

2023-இல் சிவப்பு ஒயின் விற்காமல் தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று அறிவித்தார்கள். சுமார் 9,500 ஹெக்டேரைப் பிடுங்குவது இலக்கு. பேர்பெற்ற மாளிகைத் தோட்டங்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. அவர்களிடம் பணம் இருக்கிறது. மெடோக்கில் என்றால் சரளை மண்ணும், அதில் நன்றாகப் பழுக்கும் கேபர்நே சோவினியோன் ரகமும் இருக்கின்றன. அடிபடுவது ஆந்த்ர தூ மேர் மாதிரிப் பகுதிகளில் மெர்லோவை நம்பி, பொதுப் பெயரில் மலிவாக விற்கும் குடும்பங்கள். பிடுங்குவதற்கு மட்டும் கையில் காசு கொடுத்துவிட்டு, மிச்ச நிலத்தில் வேறு ரகம் நட அரை ஹெக்டேர் கணக்கு பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 5 சதவீதத்தை 20 ஆக்குங்கள். மெடோக்கும் சான் எமிலியோனும் சேர விரும்பினால் அவர்களே ஓட்டெடுத்து முடிவு செய்யட்டும். போத்தலின் பின்பக்கத்திலாவது அந்த ரகத்தின் பெயரை எழுத விடுங்கள்.