வற்றினால் பொட்டல் ஆகிவிடாது
ஜனவரி தாண்டினால் சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பார்க்கப் பறவைகள் ஒன்றுமில்லை என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போன மே மாதம் விடிகாலையில் துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் நின்றேன்; பூநாரைகள் கூட்டமாக அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை அரித்து மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் குறைந்து கால் ஊன்ற முடிந்தால்தான் அவற்றுக்கு அப்படி மேயத் தோதுப்படும். நிறைந்த நீர், மூழ்கி இரை தேடும் முக்குளிப்பானுக்குத்தான் கொண்டாட்டம். 'வற்றினால் வெறும் பொட்டல்தானே' என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்படி நினைத்துத்தான் பெருங்குடிப் பக்கம் இத்தனை வருடம் குப்பையைக் கொட்டினார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம் அது. மழைக்காலத்தில் தென்சென்னையின் பல ஏரிகளுடைய உபரிநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. கோடையில் ஒருமுறை பைனாகுலரோடு போய்ப் பாருங்கள்; வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.