சாக்லேட்தான் கொடுத்தேன்

அந்த ஸ்க்ரீன்ஷாட் எனக்கும் வந்துவிட்டது. 4 பேர் அனுப்பியிருந்தார்கள், "பார்த்தீங்களா அக்கா?" என்று. பார்த்தேன். என் வாசல் சாக்லேட் கிண்ணத்தையும் அதன் பக்கத்து அட்டையையும் படம் எடுத்து, "ஹாலோவீன் அன்றைக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே 17 சிரிப்பு, கூடவே சில கேள்விகள்.

நான் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. சாக்லேட் கொடுத்தேன். கனடாவில் இந்த ஸ்காபரோவுக்கு வந்த நாளிலிருந்து, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அக்டோபர் 31 அன்று வருடாவருடம் கொடுப்பதுதான். இந்த முறை பெரிய கடைப் பெட்டிக்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு பெண் தன் சின்னக் கடையில் ஃபேர் ட்ரேட் கொக்கோவில், அதாவது விவசாயிக்கு நியாய விலை தரும் முத்திரை வாங்கிய கொக்கோவில், செய்வதை வாங்கினேன். உறை ஒட்டியது, சேர்மானம் அச்சிட்டது. பக்கத்தில் உள்ளங்கை அளவு அட்டை: "இது ஃபேர் ட்ரேட் கொக்கோ." அவ்வளவுதான். சந்தை விழுந்தாலும் விவசாயிக்கு ஓர் அடிவிலை உண்டு, அதற்கு மேல் டன்னுக்கு 240 அமெரிக்க டாலர் அவர்கள் கூட்டுறவுக்குப் போகும் என்பதையெல்லாம் நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் வகுப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" பிள்ளைகள் சமாச்சாரம்தானே இது! உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலிருந்தும் வருகிறது. அங்கே கத்தி பிடித்துக் காய் பிளப்பவர்களில், நம் வாசலில் ஸ்பைடர்மேனாக நின்ற வயசுப் பிள்ளைகளும் உண்டு. மிக மோசமான குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001இல் ஹார்கின்-எங்கெல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. அப்புறம் 2008 என்றன, 2010 என்றன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மையம் 2018-19 பருவத்துக்குப் போட்ட கணக்கில், அந்த இரண்டு நாட்டிலும் சேர்த்து கொக்கோ வேலையில் 15 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள். வீட்டு வாடகைக்கு நான் இத்தனை தவணை கேட்டால் விடுவார்களா?

"முத்திரை குத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?" ஆகாது. திரும்பவும் வரும் என்று வீட்டில் ஒட்டடை அடிக்காமல் விடுகிறீர்களா?

"துண்டு சின்னது, கஞ்சத்தனம்." பெரிய பெட்டியைவிட மூன்று மடங்கு காசு கொடுத்து ஒருத்தி கஞ்சத்தனம் பண்ணுவாளா?

கசப்பு என்று சொன்னது மட்டும் நியாயம். 70 சதவீதக் கொக்கோ, என் தப்பு. டைனோசர் வேஷத்தில் வந்த ஒரு குட்டி வாசலிலேயே கடித்தது. முகம் சுளித்து, கையில் துப்பி, "தேங்க்யூ" என்று என்னிடமே நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அம்மாயி இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மழை நாளில் இலை ஈரம் என்று தராசில் கிலோ கழிப்பார்கள், சாக்குக்கென்று இன்னும் கொஞ்சம். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், நாங்கள் குடித்தது டஸ்ட், கடைசியில் மிஞ்சும் தேயிலைத் தூள். நல்ல இலை கப்பலேறிவிடும். இங்கே வந்த புதிதில் கடையில் ஒரு தேயிலை டின் பார்த்தேன். மேலே கூடை சுமந்த பெண், முகமெல்லாம் சிரிப்பு. அம்மாயியின் போட்டோ எங்களிடம் மூன்றே மூன்று இருக்கிறது. ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை.

இது தெரியாதவர்கள் சிரித்தால் போகட்டும். அந்த 17 பேரில் 3 பேர் மலையகத்துக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதே தராசுதான். அதில் ஒருவர் மகளுக்குப் போன மாதம்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் என் சாப்பாட்டு மேசையில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், ஒரு சதம் வாங்காமல். அது வகுப்பு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கிண்ணத்தில் இன்னும் 38 இருக்கிறது. அட்டையை எடுக்கப்போவதில்லை. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், வேஷம் தேவையில்லை. கசக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.